முதலீட்டு ஆலோசனை சொல்பவருக்கும் லைசென்ஸ் உண்டு

தராசுக்கு முத்திரை, உணவுப் பொருளுக்கு லைசென்ஸ், பில்லுக்கு ஜி.எஸ்.டி. எண் என்று நம் வியாபாரத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு இருக்கிறது. புதிதாக ஒரு பார்ட்டி சரக்குக் கேட்டு வந்தால், அவருடைய ஜி.எஸ்.டி. எண்ணைப் பார்க்காமல் நாம் பில் போடுவதில்லை. ஆனால் நம் சேமிப்பை எந்தப் பங்கில் போடலாம், எந்த மியூச்சுவல் ஃபண்டில் போடலாம் என்று சொல்ல ஒருவர் கடை ஏறி வந்தால், அவரிடம் பதிவு எண் கேட்கும் வழக்கம் நம்மில் பலருக்கும் இல்லை. அப்படி ஒரு பதிவு உண்டு என்பதே பலருக்குத் தெரியாது.

ஒரு காலத்தில் வணிகர்களின் சேமிப்பு நகையாகவும் மனையாகவும் சீட்டாகவும் இருந்தது. இப்போது கடைப் பிள்ளைகள் கைபேசியிலேயே டீமேட் கணக்குத் தொடங்கிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் ‘இன்று இதை வாங்கு, நாளை அதை விற்று விடு’ என்று செய்தி வந்தபடி இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் நஷ்டப்பட்டால் அவர் சேமிப்பு குறையும். நாம் நஷ்டப்பட்டால் கடையின் முதலே குறையும். கொள்முதலுக்கு வைத்திருந்த பணம் முடங்கினால், கொடுத்த செக் திரும்பும். செக் திரும்பினால் மார்க்கெட்டில் நம் பெயர் போகும். ஆகவே ஆலோசனை சொல்பவரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்வது நம் வியாபாரத்தைக் காப்பதற்கும் சேர்த்துத்தான்.

நாம் சட்டம் படித்தவர்கள் அல்லர்; பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவர்கள். எனவே வணிகருக்குப் புரியும் முறையிலேயே இதை விளக்க முயல்கிறோம்.

சட்டம் வந்த கதை

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் ‘செபி’ என்ற அமைப்பு 1988இல் ஏற்படுத்தப்பட்டது. 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதற்கு முழு அதிகாரம் கிடைத்தது. அந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பங்குத் தரகர் முதலானோர் செபியிடம் பதிவுச் சான்று பெறாமல் தொழில் செய்யக் கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் முதலீட்டு ஆலோசகரும் இருக்கிறார். ஆனால் அவருக்கென்று தனி விதிகள் வர மேலும் 21 ஆண்டுகள் ஆயின. ‘முதலீட்டு ஆலோசகர்கள் விதிமுறைகள்’ 2013 ஜனவரி 21 அன்று வெளியாகி, அதே ஆண்டு ஏப்ரல் 21 முதல் நடைமுறைக்கு வந்தன. 2020இலும் 2024 டிசம்பரிலும் அவற்றில் பெரிய திருத்தங்கள் செய்யப்பட்டன.

யார் ஆலோசகர்?

மூன்று அம்சங்கள் சேர்ந்தால் ஒருவர் ஆலோசகர் ஆகிறார். பங்கு, மியூச்சுவல் ஃபண்டு போன்றவற்றை வாங்கு, விற்று விடு, வைத்துக்கொள் என்று சொல்கிறார். அதை ஒரு வாடிக்கையாளருக்கென்று சொல்கிறார். அதற்குப் பிரதிபலன் பெறுகிறார். எழுத்தில் சொன்னாலும் வாயால் சொன்னாலும் ஒன்றுதான். பிரதிபலன் ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. வேறு எந்த வகை ஆதாயமானாலும் அது கணக்கில் வரும்.

பத்திரிகையிலோ தொலைக்காட்சியிலோ பொதுமக்கள் அனைவருக்குமாகச் சொல்லப்படும் கருத்து இந்த வரையறைக்குள் வராது. ஆனால் குறிப்பிட்ட பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று ஆராய்ந்து அறிக்கை தருபவர்களுக்கு 2014இல் ‘ஆராய்ச்சிப் பகுப்பாய்வாளர்’ என்ற பெயரில் வேறு விதிமுறை வந்தது. இவர் எல்லோருக்கும் ஒரே பரிந்துரையைத் தருபவர். உங்கள் குடும்பக் கணக்கைப் பார்த்து, உங்களுக்கு எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் ஆலோசகர்.

இருவருக்கும் பதிவு எண் வேறு வேறு. ஆலோசகரின் எண் ஐ.என்.ஏ. என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். பகுப்பாய்வாளரின் எண் ஐ.என்.ஹெச். என்று தொடங்கும். அதன்பின் ஒன்பது இலக்கங்கள் வரும். மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தருக்கு இருப்பது ஏ.ஆர்.என். எண். அது விற்பனை செய்வதற்கான எண். அதைக் காட்டி ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

சிலருக்கு விலக்கு உண்டு. நம் ஆடிட்டர் சார்டர்டு அக்கவுண்டன்டாக இருந்து, கணக்கு பார்க்கும் வேலையோடு ஒட்டி ஒரு முதலீட்டு யோசனை சொன்னால் அதற்குத் தனிப் பதிவு தேவையில்லை. வக்கீல், கம்பெனி செக்ரட்டரி, காஸ்ட் அக்கவுண்டன்ட் ஆகியோருக்கும் இப்படியே. பங்குத் தரகரும் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தரும் தங்கள் தொழிலோடு ஒட்டிச் சொல்லும் யோசனைக்கும் விலக்கு உண்டு. காப்பீட்டு ஏஜென்ட் காப்பீட்டைப் பற்றி மட்டும் சொல்லலாம். அதே ஏஜென்ட் பாலிசியோடு சேர்த்துப் பங்கு வாங்கச் சொல்லிக் கட்டணமும் கேட்டால், விலக்கின் எல்லையைத் தாண்டிவிட்டார் என்று அறியவும்.

கூலி யார் கொடுக்கிறார்?

இந்த விதிகள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே கேள்விதான். ஆலோசனை சொல்பவருக்குக் கூலி கொடுப்பது யார்?

கமிஷன் மண்டியில் நாம் தினமும் காண்பதுதான் இது. சரக்கு அனுப்பிய விவசாயிக்கு விற்றுக் கொடுத்து, அவரிடம் கமிஷன் வாங்குகிற மண்டிக்காரர் ‘இன்று வெங்காயம் நல்ல சரக்கு, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றால், அவர் விற்கிற பக்கத்து ஆள் என்பது நமக்குத் தெரியும். அது தவறான தொழில் அல்ல. ஆனால் அவர் சொல்லை அந்த அளவிலேதான் எடுத்துக்கொள்வோம். நாமே கூலி கொடுத்து, நமக்காகச் சரக்கைப் பார்த்துவர அனுப்புகிற ஆள் வேறு. அவர் மண்டிக்காரரிடமும் கைநீட்டினால் அடுத்த நாள் அவரை அனுப்ப மாட்டோம்.

முதலீட்டிலும் இப்படியே இரண்டு பேர் இருக்கிறார்கள். விநியோகஸ்தருக்கு ஃபண்டு நிறுவனம் கமிஷன் கொடுக்கிறது. ஆலோசகருக்கு நாம் கட்டணம் கொடுக்கிறோம். அவர் சொன்ன முதலீட்டுக்காக வேறு யாரிடமும் அவர் பிரதிபலன் வாங்கக் கூடாது.

2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்டிலும் ‘டைரக்ட்’ திட்டம் உண்டு. அதில் விநியோகஸ்தர் கமிஷன் இல்லாததால் செலவு குறைவு. கட்டணம் வாங்கும் ஆலோசகர் இந்த டைரக்ட் திட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். ரூ. 10 லட்சம் போட்டவருக்கு இரண்டு திட்டங்களுக்கும் இடையே செலவில் 1 சதவீதம் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு ரூ. 10,000 வருகிறது. பத்து ஆண்டுக்கு அது எவ்வளவு என்று வணிகருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரே நிறுவனம் ஆலோசனைப் பிரிவு, விற்பனைப் பிரிவு இரண்டும் வைத்திருக்கலாம். ஆனால் 2020 திருத்தத்தின்படி ஒரே வாடிக்கையாளர் குடும்பத்துக்கு ஆலோசனையும் சொல்லி, விற்பனைக் கமிஷனும் பெறக் கூடாது, ஏதேனும் ஒன்றுதான். குடும்பம் என்றால் வாடிக்கையாளரும், அவரைச் சார்ந்து வாழும் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோரும் ஆவர். அதே திருத்தம் இன்னொன்றையும் சொன்னது. பதிவு பெறாத விநியோகஸ்தர் ‘சுதந்திர நிதி ஆலோசகர்’, ‘வெல்த் அட்வைசர்’ என்றெல்லாம் பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளக் கூடாது.

கட்டணம் எவ்வளவு?

ஆலோசகர் இரண்டு வழிகளில் கட்டணம் வாங்கலாம். ஆலோசனைக்கு உட்பட்ட சொத்தின் மதிப்பில் ஆண்டுக்கு அதிகபட்சம் 2.5 சதவீதம், அல்லது நிலையான தொகையாக ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ. 1,51,000. இந்தத் தொகை முன்பு ரூ. 1,25,000 ஆக இருந்து, 2025 ஜனவரியில் உயர்த்தப்பட்டது. இது உச்சவரம்பு, பேசிக் குறைத்துக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

இங்கே வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இந்த உச்சவரம்பு தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும்தான். பார்ட்னர்ஷிப் ஃபர்ம் அல்லது கம்பெனி பெயரில் ஆலோசனை பெற்றால் கட்டணம் இரு தரப்பும் பேசி முடிவு செய்வதுதான். எனவே கடை பெயரில் கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை வரிக்கு வரி படிக்க வேண்டும்.

எழுத்து மூலமான ஒப்பந்தம் ஆகாமல் ஆலோசனையும் கூடாது, கட்டணமும் கூடாது. கட்டணத்தை ரொக்கமாக வாங்கக் கூடாது. செக், டிராஃப்ட், வங்கிப் பரிமாற்றம், யு.பி.ஐ. ஆகிய வழிகளில்தான் வாங்க வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் சம்மதித்தால் ஓராண்டுக் கட்டணம் வரை முன்பணமாக வாங்கலாம். இடையில் விலகினால் மீதிக் காலத்துக்குரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். அதில் அதிகபட்சம் ஒரு காலாண்டுக் கட்டணத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

ஆலோசகரின் கடமைகள்

முதலாவது, அவர் நம்மைப் பற்றிக் கேட்டறிய வேண்டும். வயது, வருமானம், முதலீட்டின் நோக்கம், எத்தனை காலத்துக்கு, ஏற்கெனவே உள்ள சொத்து, எவ்வளவு நஷ்டம் தாங்க முடியும், கடன் எவ்வளவு ஆகியவற்றை அவர் அறிந்தாக வேண்டும். வணிகருக்குக் கடைசிக் கேள்வியே முக்கியம். வங்கியில் கேஷ் கிரெடிட்டுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறவருக்கு, முதலில் அந்தக் கடனைக் குறையுங்கள் என்று சொல்வதே சரியான ஆலோசனையாக இருக்கலாம். கடனைப் பற்றிக் கேட்காமலேயே பங்கின் பெயரைச் சொல்லுகிறவர் விதியின் முதல் படியையே தாண்டிவிட்டார். நாமும் வெளியில் நிற்கும் பாக்கி, தீபாவளிச் சரக்குக்கு எடுக்க வேண்டிய பணம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, சொன்ன ஆலோசனை நமக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்கு அவரிடம் ஆதாரம் இருக்க வேண்டும். அந்த ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் அவருக்குத் தணிக்கையும் உண்டு.

மூன்றாவது, தனக்கு அந்த முதலீட்டில் ஏதேனும் சொந்த ஆதாயம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆலோசகர் பட்டப் படிப்பு முடித்து, அதற்கென உள்ள என்.ஐ.எஸ்.எம். தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். முன்பு சொந்த மூலதனம் எவ்வளவு என்று பார்த்தார்கள். 2024 டிசம்பர் திருத்தத்தில் அதற்குப் பதில் டெபாசிட் முறை வந்தது. வாடிக்கையாளர் 150 பேர் வரை ரூ. 1 லட்சம், 300 வரை ரூ. 2 லட்சம், 1,000 வரை ரூ. 5 லட்சம், அதற்கு மேல் ரூ. 10 லட்சம். தனிநபராகத் தொழில் செய்பவருக்கு வாடிக்கையாளர் 300ஐத் தாண்டினாலோ, ஆண்டுக் கட்டண வசூல் ரூ. 3 கோடியைத் தாண்டினாலோ, அவர் நிறுவனமாக மாறிப் பதிவு பெற வேண்டும்.

செய்யக் கூடாதவை

‘மாதம் இவ்வளவு சதவீதம் நிச்சயம்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘ஒரு வாரம் இலவசமாகப் பார்த்துவிட்டுச் சேருங்கள்’ என்ற இலவச ஆலோசனையை 2019 டிசம்பர் சுற்றறிக்கையிலேயே செபி தடை செய்துவிட்டது. நம் முதலீட்டுப் பணத்தைத் தன் கணக்கில் வாங்கக் கூடாது. அது தரகரின் கணக்குக்கோ ஃபண்டுக்கோதான் நேரே போக வேண்டும்.

‘உங்கள் டீமேட் பாஸ்வேர்டைக் கொடுங்கள், நாங்களே வியாபாரம் செய்து லாபத்தில் பங்கு எடுத்துக்கொள்கிறோம்’ என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். பிறர் பணத்தை நிர்வகிப்பதற்கு ‘போர்ட்ஃபோலியோ மேலாளர்’ என்ற வேறு பதிவு வேண்டும். அதில் ஒரு வாடிக்கையாளரின் குறைந்தபட்ச முதலீடே ரூ. 50 லட்சம். ரூ. 2 லட்சத்தையும் பாஸ்வேர்டையும் கேட்பவரிடம் அந்தப் பதிவு இருக்க வழியே இல்லை.

பங்குச் சந்தை வகுப்பு என்ற பெயரில் டிப்ஸ் கொடுப்பதற்கும் கடிவாளம் வந்திருக்கிறது. 2024 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி, பதிவு பெற்ற நிறுவனங்கள் பதிவில்லாமல் ஆலோசனை சொல்பவர்களோடு எந்தத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது. பாடம் மட்டும் நடத்துபவர்கள் கடைசி மூன்று மாத விலை விவரங்களைக் காட்டிப் பாடம் நடத்தக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி விளக்கியது.

நாமே மாட்டிக்கொள்ளும் இடம்

இதைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பஜாரில் பங்கு விவரம் தெரிந்த ஓரிருவர் இருப்பார்கள். பக்கத்துக் கடைக்காரர் கேட்டால் நட்புக்காக ஒரு கருத்துச் சொல்வார்கள். அதில் பிரதிபலன் இல்லை. ஆனால் அதே நண்பர் ஒரு குழு தொடங்கி, ‘மாதம் ரூ. 500 கட்டினால் தினமும் டிப்ஸ்’ என்று வசூல் செய்தால், அன்று முதல் அவர் பதிவில்லாத ஆலோசகர். தொகை சிறியது என்பதால் விதி மாறாது. 1992 சட்டத்தின் 24ஆம் பிரிவில் பத்து ஆண்டு வரை சிறை, ரூ. 25 கோடி வரை அபராதம் அல்லது இரண்டும் என்று இருக்கிறது.

வேறு ஒரு வகையும் உண்டு. ஆள் சேர்த்துவிட்டால் தலைக்கு இவ்வளவு என்று வணிகர்களைத் தேடி வருவார்கள். நம்மைத் தேடி வருவதற்குக் காரணம், நம் சொல்லுக்குத் தெருவில் மதிப்பு இருப்பதுதான். வாடிக்கைக்காரரும் கடைப் பையன்களும் ‘அண்ணாச்சி சொன்னார்’ என்றே பணம் கட்டுவார்கள். பணம் போனால், நடத்தியவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. நம் கடை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். முப்பது ஆண்டுக் கால நாணயத்தைத் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு விற்கலாமா என்று யோசிக்க வேண்டும்.

சரிபார்ப்பதும் புகார் செய்வதும்

பதிவு எண் சொன்னால் மட்டும் போதாது. உண்மையான ஆலோசகரின் பெயரையும் எண்ணையும் திருடி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். செபியின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்களின் பட்டியல் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு இருக்கிறது. நம்மிடம் பேசுகிறவர் கொடுத்த எண்ணை விட்டுவிட்டு, பட்டியலில் உள்ள எண்ணுக்கு நாமே போன் செய்து கேட்க வேண்டும். பணம் போகும் வங்கிக் கணக்கும் யு.பி.ஐ.யும் பதிவு பெற்றவருடையதுதானா என்று பார்க்க ‘செபி செக்’ என்ற வசதியும் 2025 அக்டோபரில் வந்தது.

பதிவு பெற்றவர் மீது குறை இருந்தால், முதலில் அவருக்கு எழுத்தில் தெரிவிக்கலாம். தீராவிட்டால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ இணையத்தில் புகார் செய்யலாம். இது 2011 முதல் இருக்கிறது. 2024 ஏப்ரலில் புதுப்பிக்கப்பட்டது. 21 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதிலும் தீராவிட்டால், 2023இல் தொடங்கிய ஆன்லைன் சமரச முறைக்குப் போகலாம். விவரம் கேட்க 1800 22 7575 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி இருக்கிறது. சென்னையில் செபியின் தென்மண்டல அலுவலகமும் உண்டு.

பதிவில்லாதவரிடம் பணம் கொடுத்தவருக்கு இந்தப் படிகள் கைகொடுப்பதில்லை. அவர் போக வேண்டியது போலீசுக்கு. இணையம் வழியாக ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் வங்கிக் கணக்கை முடக்க அதுவே வழி. பதிவின் உண்மையான பயன் இங்கேதான் தெரிகிறது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பதிவுச் சான்று லாபத்துக்கு உத்தரவாதம் அல்ல. முத்திரை போட்ட தராசு எடையைச் சரியாகக் காட்டும். சரக்கின் விலை ஏறுமா இறங்குமா என்று சொல்லாது. சந்தை இறங்கினால் பதிவு பெற்றவர் சொன்ன முதலீடும் இறங்கும். அதற்கு யாரும் ஈடு தர மாட்டார்கள்.

எல்லாத் திட்டங்களுக்கும் செபிதான் பொறுப்பு என்றும் நினைக்க வேண்டாம். காப்பீட்டுக்கு ஐ.ஆர்.டி.ஏ.ஐ., ஓய்வூதியத் திட்டத்துக்கு பி.எஃப்.ஆர்.டி.ஏ., வங்கி டெபாசிட்டுக்கு ரிசர்வ் வங்கி, சீட்டுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநில அரசின் சீட்டுப் பதிவாளர். அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்குவோர் மீது தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், மத்திய அரசின் 2019ஆம் ஆண்டுச் சட்டமும் பாயும்.

கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

வணிகப் பெருமக்கள் கீழ்க்கண்டவற்றை ஒரு அட்டையில் எழுதிக் கல்லாப் பெட்டி மேல் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

1. உங்கள் பதிவு எண் என்ன? அது ஆலோசகர் எண்ணா, விநியோகஸ்தர் எண்ணா?
2. உங்களுக்குக் கூலி தருவது நாங்களா, ஃபண்டு நிறுவனமா?
3. ஒப்பந்தம் எங்கே? கட்டணமும் விலகும் முறையும் அதில் இருக்கின்றனவா?
4. எங்கள் கடனையும் கடைத் தேவையையும் கேட்டறிந்த பிறகா இதைச் சொல்கிறீர்கள்?
5. பணம் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகிறது?

ஐந்துக்கும் நேரான பதில் சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம். பதில் சொல்லத் தயங்குபவரை, ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் லாரி நிறையச் சரக்குக் கேட்கிற புதுப் பார்ட்டியைப் போல நினைத்து, மரியாதையாகக் கும்பிட்டு அனுப்பிவிடலாம். கடையைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கும் இதைப் படித்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.